ஆயுத பூஜைக்கு ஓடக் கூடாத வண்டி

ஜூலை 15, திங்கள்

டாக்டரம்மா சொன்னதற்காக இதை எழுதுகிறேன். தினமும் மூன்று விஷயம் குறிக்க வேண்டுமாம். என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், என்ன பேசினார். பள்ளிக்கூடம் விட்டதற்கப்புறம் மசால் டப்பாவில் பேர் எழுதி ஒட்டியதைத் தவிர நான் எதையும் எழுதினவள் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நோயாளி பெயர் சென்னியப்பன், வயது ஐம்பத்து நாலு. எழுதுகிறவள் பூங்கோதை, மனைவி.

சாப்பாடு: இட்லி ஒன்றரை. மதியம் ரசம் சோறு, பாதியை ஒதுக்கிவிட்டார். தூக்கம்: கண் மூடியிருந்தது. பேச்சு: "ம்." "வேண்டாம்."

அந்த வெள்ளிக்கிழமை மோட்டார் ரூம் கதவை உடைத்து இவரை வெளியே தூக்கி வந்ததிலிருந்து இப்படித்தான். ஊருக்கெல்லாம் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊரில் பக்கத்துத் தோட்டத்துத் துளசியக்காவுக்கு மட்டும் தெரியும், கதவை உடைத்ததே அவள்தான். மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு. சாவிக்கொத்து என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. பயிருக்கு அடிக்கிற மருந்தெல்லாம் துளசியக்கா வீட்டுக்குப் போயாகிவிட்டது. தனியாக விடக்கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. நான் குளிக்கப் போனால் அக்கா வந்து உட்காருகிறாள்.

கடன் இல்லை. நோய் இல்லை. வாழை இந்த வருஷம் நன்றாகத்தான் தார் தள்ளியிருக்கிறது. மகள் சௌமியா ஓசூரில் கை நிறையச் சம்பாதிக்கிறாள். பிறகு என்ன கேடு என்று இன்றைக்கு நேராகவே கேட்டுவிட்டேன். சண்டைக்கு வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். சுவரைப் பார்த்தபடி, "தெரியல பூங்கோத" என்றார். எனக்குப் பயமே அதுதான். காரணம் ஒன்று இருந்தால் அதன் தலையில் நாலு போடலாம்.

ஜூலை 18, வியாழன்

சாப்பாடு: தோசை இரண்டு. தூக்கம்: அவர் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார், நானும் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். பேச்சு: இல்லை.

ஜூலை 22, திங்கள்

இன்று ஒன்று நடந்தது. டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது புளியம்பட்டியில் பஸ் நின்றது. எதிரே பழைய இரும்புக் கடை. இத்தனை நாளாகக் கூப்பிட்டாலும் திரும்பாத மனுஷன் ஜன்னலுக்கு வெளியே திரும்பிப் பார்த்தார். டயர் இல்லாத ஜீப் பிக்கப் ஒன்று கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் துரு. பின்பக்கத் தொட்டியில் கோழி படுத்திருந்தது.

"எங்கப்பன் வண்டி மாதிரியே இருக்குது" என்றார்.

நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல. டிரைவர் ஹாரன் அடித்துக் கிளப்பிவிட்டான். அவன் வாயில் மண்ணைப் போட.

என் மாமனாரின் பிக்கப்பை எனக்கும் தெரியும். நீல வண்டி. மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும். கல்யாணம் முடிந்து இந்த வீட்டுக்கு நான் வந்ததும் அதில்தான். முன் சீட்டில் மாமனார் ஓட்ட, இவர் ஓரத்தில், நான் நடுவில், கியர் தடி என் முழங்காலுக்கு நடுவில். அவர் கியர் மாற்றும் போதெல்லாம் பட்டுச் சேலையில் கிரீஸ். வீடு வந்து இறங்கியபோது கரை இருந்த இடம் கறுப்பாக இருந்தது. அந்த வண்டியை நான் திட்டாத திட்டு இல்லை.

இவருக்கு அது வேறு. ஆயுத பூஜையன்று இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தோட்டத்துப் பிள்ளைகளை எல்லாம் பின்னால் ஏற்றி, வாய்க்கால் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவார்களாம். ஹாரன் அடிப்பது இவர் வேலை. மாமனார் போன பிறகு இவர் சித்தப்பா அதை எடைக்குப் போட்டுவிட்டார். நல்ல நாளில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி என் காதைப் புளிக்க வைத்திருக்கிறார். இப்போது ஒரு தடவை சொல்லமாட்டாரா என்று இருக்கிறது.

ஜூலை 24, புதன்

வாங்கிவிட்டேன்.

என்ன விலை என்று எழுத மாட்டேன். ஆடி மாசத்தில் எவளாவது வண்டி வாங்குவாளா என்று துளசியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆவணி பிறக்கட்டும் என்றாள். ஆவணிக்கு நான் எங்கே போவேன், எனக்கு நாளைக் காலை வரைக்கும் ஆள் இருக்க வேண்டும். அதை அவளிடமே சொன்னேன்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்து களத்தில் நிறுத்தினார்கள். இவர் எழுந்து வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். பம்பரைத் தொட்டார். திரும்பப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

ஜூலை 28, ஞாயிறு

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு நாளாக வண்டி நிற்கிறது, எங்கள் கோழியும் அதில் முட்டையிட ஆரம்பித்துவிட்டது. சௌமியா போனில் கத்தினாள். அப்பாவுக்கு இந்த நிலைமையில் ஓட்டை வண்டி ஒரு கேடா என்றாள். சரிதான் என்றேன். கட்டுத்தறிப் பக்கம் போய் மாட்டைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாடு தீவனத்துக்குத்தான் பார்த்தது.

ஆகஸ்ட் 3, சனி

பதினெட்டாம் பெருக்கு. புளியம்பட்டியிலிருந்து ரசூல் பாயை வரச் சொன்னேன். பழைய ஜீப் வேலை செய்கிற ஆள் இப்போது அந்தப் பக்கம் அவர் ஒருவர்தான். அவரிடம் எதையும் மறைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லை, அவரும் கூட வேலை செய்தால் தேவலை என்றேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு சரிம்மா என்றார்.

பானெட்டைத் தூக்கினால் உள்ளே எலிக்கூடு. பாய் அதை அள்ளிப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே இவர் காதுபட, இந்த மாடலில் பெட்ரோல் டேங்கு பின்னால்தான் இருக்கும் என்று என்னிடம் சொன்னார். அவருக்குத் தெரியாததா. கொஞ்ச நேரம் பின்னால் குனிந்து தேடுகிற மாதிரி நடித்தார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இவர் வந்து முன் சீட்டின் பலகையைத் தூக்கிக் காட்டினார். டேங்கு சீட்டுக்கு அடியில் இருந்தது.

"எங்கப்பன் இதுமேல உக்காந்து பீடி குடிப்பாருங்க பாய்" என்றார். "எங்கம்மா சத்தம் போடும்."

அப்புறம் ஸ்பேனரைக் கையில் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் கீழே வைக்கவில்லை.

சாப்பாடு: தேங்காய்ப்பால் சாதம், இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

ஆகஸ்ட் 14, புதன்

என் இட்லித் தட்டைக் காணோம் என்று வீடு பூராவும் தேடினால் களத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு குழியிலும் ஒரு வகை நட்டு. எது எந்தக் குழி என்று அவருக்கு மனப்பாடமாம், கழுவிக் கொடுக்க முடியாதாம். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். பாய் கார்புரேட்டருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார். இவர் சிரித்தார். பல் தெரியவில்லை, ஆனால் சிரித்தார்.

தோசைதான் இனி இந்த வீட்டில்.

செப்டம்பர் 2, திங்கள்

எஞ்சின் கடைசல் பட்டறைக்குப் போய் வந்துவிட்டது. தொட்டிக்குப் புதுத் தகரம் அடித்தாகிவிட்டது. அடுத்தது பெயிண்ட். மாமனார் வண்டியின் நீலம் எந்த நீலம் என்று ஒரு மணி நேரம் யோசித்தார். கடைசியில் என் பட்டுச் சேலையை எடுத்து வரச் சொன்னார். அந்தக் கிரீஸ் கறைக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு கீறல் இருக்கிறது, கதவில் உரசியபோது ஒட்டிய பெயிண்ட். இருபத்தாறு வருஷமாக நான் பார்க்காததை இவர் பார்த்து வைத்திருக்கிறார். சேலையை மடித்து பெயிண்ட் கடைக்கு எடுத்துக்கொண்டு பாய் போனார்.

ஆயுத பூஜைக்கு ஓட்டிவிட வேண்டும் என்றார். இவராகவே ஒரு நாளைக் குறித்துப் பேசியது இதுதான் முதல் தடவை. கேசரி கிளறினேன்.

செப்டம்பர் 9, திங்கள்

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. களத்தில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது சமையலறைக்குக் கேட்டது. இந்த வேலை முடிந்ததும் அடுத்து என்ன பண்ணப் போகிறீர்கள் என்று பாய் ஏதோ பேச்சுக்குக் கேட்டார்.

"வண்டி ஒரு தடவ வாய்க்கால் பாலம் வரைக்கும் போயிட்டு வந்துட்டாப் போதுங்க பாய்" என்றார் இவர். "அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

பாய் சிரித்தார். சாதாரணமாகச் சொல்கிற பேச்சுதான். நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று. ஆனால் இவர் குரல் எனக்குத் தெரியும்.

கொல்லத்தான் அந்த வண்டியை விலை கொடுத்து வாங்கி வந்தேனா.

செப்டம்பர் 11, புதன்

டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி அந்தப் பேச்சைச் சொன்னேன். நாளைக்கே கூட்டி வரச் சொன்னார். நேராகவே கேட்டுவிடுங்கள், அப்படி எண்ணம் இருக்கிறதா என்று வாய் விட்டுக் கேளுங்கள், கேட்பதால் அது வந்துவிடாது என்றார்.

இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. மோர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

நேற்றுப் போய் வந்தோம். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் கையில் கொடுத்து விழுங்குகிற வரைக்கும் பார்க்கிறேன்.

ரசூல் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் மெதுவாக வேலை செய்யுங்கள் என்றேன். மனுஷன் அசந்துபோய்விட்டார். மெக்கானிக் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் சீக்கிரம் சீக்கிரம் என்றுதான் உயிரை வாங்கியிருக்கிறார்களாம், இப்படிக் கேட்டவள் நான் ஒருத்திதானாம். ஏன் என்று கேட்டார். பெயிண்ட் காய வேண்டுமே என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் வேலை பார்ப்பது இப்போது முக்கால்வாசி இவர்தான், பாய் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார். இவரை யார் மெதுவாகச் செய்யச் சொல்வது?

செப்டம்பர் 17, செவ்வாய்

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து, தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். அதில் ஒரு சின்னப் பித்தளைத் திருகாணி, ஜெட்டு என்பார்கள், மூக்குத்தி அளவுதான். எடுத்துப் புளிப்பானைக்குள் அமுக்கிவிட்டேன். மதியத்திலிருந்து மண்ணைச் சலித்துத் தேடினார். நானும் கூடத் தேடினேன். என்ன ஜென்மம் நான்.

சாயங்காலம் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "சரி, நாளைக்குத் தேடலாம்."

நாளைக்கு என்று அவர் வாயிலிருந்து வந்து எவ்வளவு நாளாகிவிட்டது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் நான் நிஜமாகவே தூங்கப் போகிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

கூட்டும்போது கிடைத்தது என்று ஜெட்டைக் கொடுத்தேன். கழுவித்தான் கொடுத்தேன். அவர் மோந்து பார்த்த மாதிரி இருந்தது. துணியில் துடைத்துக்கொண்டு களத்துக்குப் போனார்.

செப்டம்பர் 26, வியாழன்

ஒரு வயர். ஒரு ரப்பர் வளையம். பானெட்டின் கொக்கி. கொக்கியை மாவு டின்னுக்கு அடியில் வைத்தேன், இரண்டு நாள் தேடினார். சாப்பாடு நன்றாக இருக்கிறது. தேடித் தேடிப் பசிக்கிறது போல.

சௌமியாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா, எத்தனை நாளைக்கு இப்படி ஒளித்துக்கொண்டே இருப்பாய் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது கண்ணு, இன்றைக்கு ஒளித்துவிட்டேன் என்றேன். போனுக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம். பூஜைக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அக்டோபர் 5, சனி

எஞ்சின் ஓடிவிட்டது.

செல்ஃபை அமுக்கியதும் ஒரு இருமல், இரண்டு இருமல், அப்புறம் பிடித்துக்கொண்டது. தோட்டமே அதிர்ந்தது. துளசியக்கா ஓடி வந்தாள். ரசூல் பாய் இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இவர் முகத்தில் கரியும் சந்தோஷமும். எல்லோரும் என்னைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஸ்டியரிங் வேலை மட்டும்தான் பாக்கியாம். அதை இவரே முடித்துவிடுவார் என்று பாய் கிளம்பிவிட்டார். பூஜை வரைக்கும் அவர் கடையில் வேலை நெரிகிறது. ஆயுத பூஜை வருகிற வெள்ளிக்கிழமை. மறுபடியும் வெள்ளிக்கிழமை.

அக்டோபர் 9, புதன்

கடைசிச் சாமான். வண்டியின் முன்சக்கரத்துப் பக்கம் ஸ்டியரிங் தண்டில் ஒரு நட்டு. அந்த நட்டுக்குள் செருகுகிற ஒரு பின், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. தட்டில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இத்தனூண்டு பின் இல்லாமல் இத்தனை பெரிய வண்டி நகராது. எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டுவிட்டேன். பூஜை தாண்டட்டும்.

அக்டோபர் 10, வியாழன்

அவர் தேடவே இல்லை. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி துணியை எடுத்துக்கொண்டார். எதையாவது காணோமா என்று நானே வாய் கொடுத்துக் கேட்டேன். இல்லையே என்றார்.

வீடு ஒட்டடை அடித்தேன். பாத்திரம் விளக்கினேன். காலையிலிருந்து என் கொண்டை ஊசி ஒன்றைக் காணோம், கண்ணாடிக்குக் கீழே வைத்ததுதான். புத்தி ஓரிடத்தில் நிற்பதில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

காலையில் பொரிகடலையும் பூசணிக்காயும் வாங்கப் புளியம்பட்டிக்குப் போனேன். சௌமியாவின் பஸ் மதியத்துக்குத்தான். துளசியக்காவை உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். கடைவீதியில் ரசூல் பாய் கடைக்கு மாலை வாங்கிக்கொண்டு நின்றார். வண்டிக்குப் பொட்டு வைத்தாயிற்றா என்றார். எங்கே பாய், ஸ்டியரிங்கில் ஒரு பின்னைக் காணோம், அது இல்லாமல் வண்டி கிளம்பாதே என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"யாரும்மா சொன்னா கெளம்பாதுன்னு?" என்றார் பாய். "வண்டி பாட்டுக்குப் போகும். அந்தப் பின்னு நட்டு கழலாம இருக்கறதுக்குத்தான். போற ஆட்டத்துல நட்டு கழண்டுச்சுன்னா நாம ஒரு பக்கம் திருப்புவோம், வண்டி ஒரு பக்கம் போகும். பின்னு போடாம எடுக்க வேணாம்னு அண்ணங்கிட்டச் சொல்லிருங்க."

பொரிப் பையை எங்கே விட்டேன் என்று இன்னும் தெரியவில்லை. ஆட்டோ பிடித்தேன். இவருக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. துளசியக்காவும் எடுக்கவில்லை.

களத்தில் வண்டி இல்லை.

வாசல் கேட் திறந்து கிடந்தது. வண்டி நின்ற இடத்தில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது, நாலு சக்கரத்துக்கு நாலு. அக்கா வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். பிடித்துக் கட்டிவிட்டு வந்தால் இவர் இல்லையாம். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. டயர் தடம் வாய்க்கால் பக்கம் போயிருந்தது.

ஆட்டோக்காரன் போய்விட்டான். ஓடினேன். செருப்பு எங்கேயோ கழன்றது. வாய்க்காலில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிற காலம். அந்தப் பாதை ஒரு வண்டி அகலம்தான். மனசு பாட்டுக்கு எதையெதையோ காட்டியது. அவராகப் போனாரா, நான் அந்தப் பின்னை எடுத்ததால் போனாரா என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். உயிரோடு இருந்தால் போதும், ஒரு கை கால் போனாலும் பரவாயில்லை என்று கருப்பராயன் சாமியிடம் பேரம் பேசினேன்.

வளைவு தாண்டியதும் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நீல வண்டி நின்றது, பானெட் திறந்து, புகை வந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை. படித்துறையில் எட்டிப் பார்த்தேன். கடைசிப் படியில், தண்ணீருக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருந்தார்.

என் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார். கையில் தண்ணீர் மொண்ட தகரக் குடம்.

"ரேடியேட்டரு கொதிச்சிருச்சு" என்றார்.

நான் இறங்கிப் போய் அவரை அடித்தேன். ஆமாம், அடித்தேன். சட்டையைப் பிடித்துக்கொண்டு, பின் பின் என்று கத்தினேன். மஞ்சள் டப்பாவில் இருக்கிறது, நான்தான் எடுத்தேன், எல்லாவற்றையும் நான்தான் எடுத்தேன் என்றேன். அவர் என்னை அடிக்க விட்டார். பிறகு கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய், சக்கரத்துப் பக்கம் மண்டி போட வைத்து, உள்ளே காட்டினார்.

அந்த நட்டுக்குள் என் கொண்டை ஊசி. நுனி இரண்டையும் வளைத்து விட்டிருந்தார்.

"புளிப்பானையில ஜெட்டு இருந்ததக்கூட அன்னைக்கே பாத்துட்டேன்" என்றார். "கொழம்புக்குப் புளி கரைக்கிறவளுக்குக் கையெல்லாம் கிரீஸ் எப்படி வரும்?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"காலையில முழிச்சா எந்திரிக்கவே தோணாது பூங்கோத. எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கும். அப்புறம், இன்னைக்கு எத எடுத்து எங்க வெச்சிருப்பாளோன்னு ஒரு நெனப்பு வரும். அதத் தேடறதுக்குத்தான் எந்திரிச்சேன். பாதி நாளு நீ வெச்ச எடம் தெரிஞ்சுதான் தேடினேன்."

அங்கேதான் எனக்கு வாய் திறந்தது. மூன்று மாசமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை. "இங்க சாகறதுக்குத்தான் வந்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மறைக்கவும் இல்லை. அந்த நினைப்பு இன்னும் வருகிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன் என்றார். இன்றைக்கும் படித்துறையில் உட்கார்ந்தபோது வந்ததாம். வண்டியில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் எஞ்சின் போய்விடுமே என்று குடத்தை மொண்டாராம்.

"எலுமிச்சம்பழம் வெச்சுட்டுத்தான வந்தேன்" என்றார். "திரும்பி வர்ற வண்டிக்குத்தான அது."

அவர் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார், நான் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். திரும்பும்போது நான் ஓரமாக உட்கார்ந்தேன், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கியர் தடி. ஆமை மாதிரிதான் ஓட்டினார். நான் ஜன்னலை எட்டி அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கேட் வாசலில் சௌமியா பையோடு நின்றாள், துளசியக்கா தெருவில் உட்கார்ந்திருந்தாள். இவர் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தம் கேட்டு சௌமியா ஓவென்று அழுதாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். இவர் சொன்னதையும் இவரை வைத்துக்கொண்டே சொன்னேன். திங்கட்கிழமை மூன்று பேருமே வாருங்கள், அது வரைக்கும் யாராவது கூடவே இருங்கள் என்றார். சரி என்று இவரே போனை வாங்கிச் சொன்னார்.

அக்டோபர் 12, சனி

சாப்பாடு: இட்லி ஐந்து. தட்டு திரும்பி வந்துவிட்டது, மண்ணெண்ணெய் வாடை போகவில்லை.

தூக்கம்: குறட்டை விட்டார். நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

பேச்சு: நிறைய. எல்லாவற்றையும் எழுத முடியாது. பிரேக் இடது பக்கம் இழுக்கிறதாம். காலையில் மஞ்சள் டப்பாவிலிருந்து பின்னை அவரே எடுத்து மாட்டிவிட்டு, வளைந்த கொண்டை ஊசியை நிமிர்த்தி என் கையில் கொடுத்தார். அப்புறம் களத்தில் நின்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னைக்கு எத ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை, அந்த வேலையெல்லாம் விட்டுவிட்டேன் என்றேன். வைப்பர் திருகு அரிசிப் பானையில் இருக்கிறது. தேடட்டும்.